ஜி9 திசு வாழைக் கன்று: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜி9 (கிராண்ட் நைன்) வாழையின் திசுக் கன்றை, அதாவது ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றை, வாங்கலாம். கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ஆனால் 'நோயே வராத கன்று' என்று சொல்லி விற்கிற இடத்தில் மட்டும் வாங்காதீர்கள். நோய் இல்லாமல் வந்து சேரும் கன்று வேறு, நோய் வராத கன்று வேறு. இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் நிலம். கிணற்றுப் பாசனம், சொட்டுநீர். பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவன். போன ஆடிப்பட்டத்தில் ஒரு ஏக்கர் ஜி9 நட்டேன். ஆறடிக்கு ஆறடி என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று பிடிக்கும். கன்று 18 ரூபாய், வண்டி வாடகை தனி. அதே பட்டத்தில் என் மனைவியின் தம்பி அணைக்கட்டு ஊரில் வேறொரு பண்ணையிலிருந்து 14 ரூபாய்க்கு வாங்கி நட்டான். இரண்டு தோட்டத்தையும் நடவிலிருந்து அறுவடை வரை பார்த்ததால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

கறுப்பு பாலித்தீன் பையில் ஓரடி உயரக் கன்று, ஐந்தாறு இலை. இறக்கும்போதே நாலைந்து பைகளைக் கிழித்து வேரைப் பார்த்தேன். வெள்ளை வேர், நுனி உடையாமல் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தது. பையின் அடியில் வேர் சுருண்டு பழுப்பேறிக் கிடந்தால் அது நாற்றங்காலில் நாள்பட்ட சரக்கு, திருப்பி அனுப்பிவிடலாம். மைத்துனன் வாங்கியதில் அப்படிப் பாதி இருந்தது.

இலையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். மைத்துனனும் அன்றைக்கே போன் செய்தான்: "இன்னா மாமா, இலையெல்லாம் செவப்புச் செவப்பா திட்டு திட்டா கீது? நோவா?" நோய் இல்லை. ஜி9 திசுக் கன்றின் இளம் இலையில் திராட்சை நிறத்தில் திட்டுகள் இருக்கும், இலைகள் கூடக்கூட அது தானாக மறைந்துவிடும். வயதுவந்த வாழையிலிருந்து எடுத்த திசுவாக இருந்தாலும், கன்று தன் இளம்பருவத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. தாய்க் கிழங்கை ஒட்டி வரும் ஈட்டிக்கன்றுக்குத் தாயின் உணவு கிடைக்கும், அதனால் ஒடுங்கிய இலை விட்டுக்கொண்டு நிதானமாக வளரலாம். திசுக் கன்றுக்குத் தாய் இல்லை. சின்ன வயசிலேயே அகன்ற இலை விரித்துத் தன் உணவைத் தானே தயாரிக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் அதைக் கைக்குழந்தையாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அந்தத் திசு எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஈட்டிக்கன்றைத் தோண்டி, கிழங்கைக் கழுவி, மடலை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போங்கள். வெளிமடல் பச்சை, உள்ளே வெள்ளை, இன்னும் உள்ளே ஈரமும் பளபளப்பும். கடைசியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு குமிழ் மிஞ்சும், கடுகில் பாதிகூட இருக்காது. லென்ஸ் வைத்தால் அதன் தோள்பக்கம் அப்போதுதான் பிறக்கிற இலை ஒரு மடிப்பாகத் தெரியும். கத்தி பட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்க ஆரம்பிக்கும். ஆய்வகத்திலும் இந்தக் கறுப்பு பெரிய தலைவலி.

தோட்டத்தில் நாம் பார்க்கிற இலை, மடல், தார் எல்லாம் அந்தக் குமிழின் செல்கள் பிரிந்து பெருகி வந்தவை. பிரிகிற செல்களில் ஒரு பங்கு குமிழிலேயே தங்கி மறுபடி பிரியும். ஓரத்துக்குத் தள்ளப்பட்டவை இலையின் தோலாகவோ, நீர்க்குழாயாகவோ, நாராகவோ மாறிவிடும். முப்பது நாற்பது இலை விட்டபின் அதே குமிழ் இலை விடுவதை நிறுத்திப் பூவாக மாறி, தண்டின் நடுவே மேலேறி வெளியே தள்ளும். அப்புறம் அதற்குத் திரும்ப இலை விட வராது. தார் வெட்டிய மரம் அதோடு முடிந்து, பக்கத்துக் கன்று எடுத்துக்கொள்கிறது. வாழையடி வாழை என்று நம்மவர்கள் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

ஆய்வகத்தில் செய்வது, குமிழும் அதைச் சுற்றிய கொஞ்சம் திசுவும் சேர்ந்த துண்டைச் சுத்தம் செய்து, புட்டிக்குள் சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில் வைத்து, ஹார்மோன் அளவைக் கூட்டிக் குறைத்து வேலை வாங்குவது. சைட்டோகைனின் கூடினால் தண்டு மொட்டு, ஆக்சின் கூடினால் வேர், இரண்டும் சமமாக இருந்தால் உருவமே இல்லாத செல் குவியல். ஸ்கூக், மில்லர் என்ற இருவர் 1957-ல் புகையிலைத் திசுவில் இதைக் காட்டினார்கள். வாழையில் முதலில் சைட்டோகைனின் கொடுத்துப் பக்க மொட்டுகளை வரவழைத்து, பிரித்து, மறுபடி வைத்து, மறுபடி பிரித்துப் பெருக்குகிறார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் வேர்விட வைத்து, குழித்தட்டுக்கு மாற்றிப் பனிபோன்ற நீர்த்தெளிப்பில் வைத்து, பிறகு நிழல்வலைக்குள் பைக்குக் கொண்டுவருகிறார்கள். புட்டிக்குள் வளர்ந்த இலைக்கு மேல்தோலில் மெழுகு சரியாகப் படிந்திருக்காது, துளைகளுக்கு மூடவும் தெரியாது. நம் வேலூர் வெயிலில் நேராகக் கொண்டுவந்து வைத்தால் ஒரே பகலில் வாடிப்போகும். பண்ணையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நிழல்வலைக்குள் எத்தனை வாரம் இருந்தது? ஆறு வாரத்துக்குக் குறைவாகச் சொன்னால் நான் எடுக்கமாட்டேன்.

குமிழிலேயே தங்கி மறுபடி மறுபடி பிரிகிற அந்தச் செல்களுக்கு ஸ்டெம் செல், அதாவது தாய்ச் செல், என்று பெயர். ஸ்டெம் செல் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஞாபகம் வரும். அங்கே 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. மஜ்ஜையில் இருக்கும் தாய்ச் செல்லும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணுக்களை உண்டாக்குகிறது. ஆனால் அதன் வேலை ரத்தத்தோடு சரி. முதிர்ந்த செல்லை மறுபடி ஆதி நிலைக்குக் கொண்டுபோக, ஜப்பானின் யாமானாகா 2006-ல் எலியின் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைப் புகுத்த வேண்டியிருந்தது. செடிகளுக்கு இது எவ்வளவோ சுலபம். கேரட் கிழங்கின் செல்களிலிருந்து முழுச் செடியையே 1958-ல் ஸ்டூவர்ட் வளர்த்துவிட்டார். படிக்கும் காலத்தில் இதைக் கேட்டு எனக்கு வந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

சரி, மைத்துனன் தோட்டத்துக்கு வருகிறேன். நட்ட மூன்றாம் மாதமே வித்தியாசம் தெரிந்தது. வரிசைக்கு ஒன்று இரண்டு கன்றுகள் குட்டையாக, இலைக்காம்பு நீளாமல், இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி நின்றன. சிலவற்றில் இலை குறுகித் தடித்து வெளிறிய கோடுகளோடு வந்தது. உரம் போதவில்லை என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். உரக்குறைவு என்றால் பாத்தி முழுக்கத் தெரியும், இப்படி நல்ல கன்றுகளுக்கு நடுவே ஒற்றை ஒற்றையாக நிற்காது. இவை பெருக்கும்போதே பிழைபட்டவை. ஒரே திசுவை அளவுக்குமீறிச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கினாலும், உருவமில்லாத செல் குவியல் வழியாக வந்தாலும் பிழை கூடும். மரபணுவிலேயே மாற்றம் விழலாம், மரபணு அப்படியே இருந்து அதை இயக்குகிற குறிகள் மாறியும் போகலாம். ஆகவே எட்டுச் சுற்றுக்கு மேல் பெருக்கக் கூடாது என்பது ஒழுங்கான ஆய்வகங்களின் வழக்கம். 14 ரூபாய்க்கும் 18 ரூபாய்க்கும் நடுவில் இருக்கும் நாலு ரூபாய் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. அந்தக் குட்டைக் கன்றுகளைப் பிடுங்கிவிடச் சொன்னேன். மனசு வராமல் வைத்திருந்தான். ஒன்றும் உருப்படியான தார் விடவில்லை.

இப்போது நோய். திசுக் கன்றில் மண்ணிலிருந்து வரும் வாடல் பூஞ்சையோ நூற்புழுவோ ஒட்டிக்கொண்டு வராது. புட்டிக்குள் மண்ணே கிடையாது, அதனால் பைக்குப் போடும் மண் சுத்தமாக இருந்தால் இதில் நம்பிக்கை வைக்கலாம். பழைய தோட்டத்துக் கிழங்கை வாங்கி நட்டால் நூற்புழுவையும் கூடவே வாங்குகிறோம். ஆனால் வைரஸ் கதை வேறு. செல் பிரிந்துகொண்டே இருக்கும் அந்தச் சின்னக் குமிழுக்குள் வைரஸ் பெரும்பாலும் எட்டாது. நீரும் உணவும் ஓடும் குழாய்கள் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் வியாபாரத்துக்குப் பெருக்கும்போது குமிழை மட்டும் எடுப்பதில்லை, ஒரு சென்டிமீட்டர் அளவுத் துண்டை எடுக்கிறார்கள். தாய்மரத்தில் முடிக்கொத்து நோய் (இலைகள் உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்க வைக்கும் வைரஸ் நோய்) இருந்தால் கன்றுகளுக்கும் பத்திரமாகப் போய்ச் சேரும். கன்றைச் சுத்தமாக்குவது தாய்மரத்தைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதுதான், புட்டி அல்ல. மத்திய அரசின் பயோடெக்னாலஜித் துறை 2006 முதல் திசுக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறை வைத்திருக்கிறது. வைரஸ் சோதனையும் மரபுத்தூய்மைச் சோதனையும் அதில் அடங்கும். நான் வாங்கிய இடத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்டதும் எடுத்துக் காட்டி, தொகுதி எண்ணையும் ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். மைத்துனன் கேட்டபோது "எல்லாம் லேப் சரக்குதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

சோதித்த திசு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குப் பழனி மலைப்பக்கத்து விருப்பாச்சி வாழை சாட்சி. முடிக்கொத்து நோயால் அழியும் நிலைக்குப் போன அந்த ரகத்தை, வைரஸ் நீக்கிய திசுக் கன்றுகள் மூலம் மீட்டு, 2008-ல் புவிசார் குறியீடும் வாங்கினார்கள்.

தோட்டத்துக்கு வந்தபின் உங்கள் கன்றுக்கு எந்தக் கவசமும் கிடையாது. கறுப்பு அசுவினி கொண்டுவருகிற முடிக்கொத்து வைரஸுக்கு அது திசுக் கன்றா கிழங்குக் கன்றா என்று தெரியாது. இளம் திசுக் கன்றுக்கு வெள்ளரி மொசைக் வைரஸ் சுலபமாகப் பிடிக்கும். ஆகவே முதல் மாதங்களில் ஊடுபயிராக வெள்ளரி, பூசணி, தக்காளி, மிளகாய் போடாதீர்கள், களையையும் விடாதீர்கள். நான் சணப்பு விதைத்தேன். கன்றுக்கு நிழலாச்சு, பூவெடுக்கும்போது மடக்கி உழுததில் உரமுமாச்சு.

பூவனைத் திசுக் கன்றாக வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில், யோசியுங்கள். பூவனின் மரபணுவுக்குள்ளேயே, இலையில் மஞ்சள் கோடு விழ வைக்கும் வைரஸின் மரபுத்துணுக்கு ஒட்டிக்கிடக்கிறது. திசு வளர்ப்பில் செல்கள் அனுபவிக்கும் நெருக்கடியில் அது விழித்துக்கொள்ளக்கூடும். நோய் வெளியிலிருந்து வராமல் செல்லுக்குள்ளிருந்தே எழுவது இது. சான்றுள்ள பண்ணையாக இருந்தாலும் பூவனுக்கு நான் தெரிந்த தோட்டத்து நல்ல ஈட்டிக்கன்றுக்கே போவேன். ஜி9-க்கு இந்தத் தொல்லை இல்லை.

விளைச்சலைப் பொறுத்தவரை என் தோட்டம் ஒரே மாதத்துக்குள் ஏறக்குறைய முழுக்கப் பூத்தள்ளியது. பதினோராம் மாதம் வெட்டு தொடங்கி, அடுத்த ஆடிக்காற்றுக்கு முன்னாலேயே முடிந்தது. தார் 25 கிலோவுக்குக் குறையாமல் நின்றதால் முட்டுக் கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. மண்டிக்காரர் தோட்டத்துக்கே வந்து மொத்தமாகப் பேசினார். கிழங்குக் கன்று நட்ட காலத்தில் இன்றைக்கு நாலு தார், அடுத்த வாரம் ஆறு தார் என்று வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு அலைவது வழக்கம். அந்த அலைச்சல் மிச்சமானதே எனக்குப் பெரிய லாபம். (குடியாத்தம், பேரணாம்பட்டு மலையடிவாரத்துக்காரர்கள் யானையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா மரமும் ஒன்றாகத் தார் விடும் தோட்டம் அதற்கு விருந்து.)

குறை என்றால் ஒன்று உண்டு. பட்டுப்போன கன்றுக்கு மாற்றுக் கொடுத்தார்கள், ஆனால் வண்டி வாடகை நம் தலையில்தான். குட்டைக் கன்று மூன்றாம் மாதம்தான் வெளிப்படையாகத் தெரியும், மாற்றித்தரும் தவணையோ ஒரு மாதத்தோடு முடிகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தத் தவணையை மூன்று மாதமாக ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த நடவுக்கு நான் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள்.