முப்பது முட்டை அட்டையா, பத்து முட்டைப் பெட்டியா?

கோலாலம்பூர் செந்தூல் சந்தையில் பி கிரேடு முட்டை ஓர் அட்டை வாங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். போன மாதம் மகள் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து 'கேஜ் ஃப்ரீ', அதாவது கூண்டில்லாக் கோழி முட்டை, என்று எழுதிய பத்து முட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முட்டை ஒன்று ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) மேல். "தங்கக் கோழியா போட்டுச்சு?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

முதலில் அட்டை முட்டை. ஏ, பி, சி எல்லாம் எடைக் கணக்கு. 65 கிராமிலிருந்து ஏ, 60-லிருந்து பி, 55-லிருந்து சி. கோழி எப்படி வாழ்ந்தது என்பதை அந்த எழுத்து சொல்லாது. பெரும்பாலும் கம்பிக்கூண்டுதான். ஒரு கோழிக்குக் கிடைப்பது ஏ4 தாளைவிடச் சின்ன இடம், இறக்கையைக்கூட விரிக்க முடியாது. எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. தோட்டத்து வீட்டில் பாட்டி வளர்த்த கோழி, முட்டையிடும் நேரம் வந்தால் விறகுக் கொட்டகைக்கும் அடுப்படிக்குமாக அலையும். பழைய சாக்கின் மடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அடங்கும். மறைவிடம் தேடுவது கோழிக்குப் பிறவிக் குணம். கூண்டில் அந்தத் தவிப்பு இருக்கும், சாக்கு இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் வெறுங்கூண்டைத் தடை செய்தபோது, தொடர்ந்து அனுமதித்த பெரிய கூண்டுகளில் முட்டையிட ஒரு மறைவிடத்தைக் கட்டாயமாக்கியது இதற்காகத்தான்.

ஆனாலும் ஏழை வீட்டுப் புரதம் இந்த அட்டைதான். 2022 இறுதியில் தட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டு நாமக்கல் முட்டை இங்கே மலேசியாவுக்கு வந்தது நினைவிருக்கும். அங்கும் பெரும்பாலும் கூண்டுதான். 2024 ஜூனில் பி கிரேடு முட்டை ஒன்றுக்கு அரசு வைத்த உச்சவிலை 40 காசு. 2025 ஆகஸ்டில் முட்டைக்கான அரசு மானியம் நின்றுபோனது. அதன் பிறகு காசு எண்ணி வாங்கும் வீட்டில் போய்க் கோழியின் சுகம் பேச எனக்கு வாய் வராது.

அடுத்து ஓமேகா முட்டையும் கம்பத்து (கிராமத்து) முட்டையும். கூடுதல் காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுவது இந்த இரண்டும்தான் என்பேன். ஓமேகா என்ற கொழுப்புச் சத்து, தீவனத்தில் சேர்க்கும் ஆளிவிதையாலோ மீனெண்ணெயாலோ வருவது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால், மஞ்சள்கருவின் நிறம் தீவனத்தால். பெட்டியில் கம்பத்து வீட்டுப் படம் இருந்தாலும் கோழி கூண்டில் இருக்கலாம். நம் உடம்புக்கு ஏதோ கிடைக்கும், கோழிக்கு ஒன்றுமில்லை. தெரிந்தவர் வீட்டு முற்றத்துக் கோழி என்றால் கதை வேறு. ஆனால் கோலாலம்பூர் அடுக்குமாடியில் அதற்கு எங்கே போவது?

சரி, மகளின் பெட்டி. கேஜ் ஃப்ரீ என்றால் வெளியில் மேய்ந்த கோழி என்று நினைக்க வேண்டாம். கொட்டகைக்குள் தரையில் நடக்கும், மண்ணில் புரளும், கம்பில் ஏறி உட்காரும், முட்டையிடத் தனிப்பெட்டி உண்டு. அந்தச் சாக்கு மடிப்பு திரும்பக் கிடைத்த மாதிரி. குறை இல்லாமல் இல்லை. கூட்டமாக இருப்பதால் ஒன்றையொன்று கொத்தும், அதற்காகக் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டுவதும் உண்டு. கூண்டுக் கோழியானாலும் கூண்டில்லாக் கோழியானாலும் பொரிப்பகத்தில் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். முட்டை குறைந்ததும் இரண்டுமே 'ஆயாம் பென்சென்', அதாவது பென்சன் கோழி, ஆகி ரெண்டாங் கறிச் சட்டிக்குப் போய்விடும். பென்சன் வாங்காத பென்சன்காரர்கள்!

எங்கள் வீட்டில் வாரம் முப்பது முட்டையை இருபதாகக் குறைத்து மகளின் பெட்டிக்கு மாறியிருக்கிறோம். செலவு இன்னும் கூடுதல்தான். அம்மா அரைவேக்காட்டு முட்டையைக் குடித்துவிட்டு "ருசி ஒண்ணும் மாறலையே" என்றார். உண்மை, மாறவில்லை.

நேற்று மாமாக் உணவுக் கடையில் ரொட்டி தெலூர் (முட்டை ரொட்டி) சொன்னோம். "அண்ணே, இது எந்த முட்டை?" என்று மகள் கேட்டாள். அவர் கரண்டியால் பின்பக்கம் காட்டினார். என் தோள் உயரத்துக்கு அட்டைகள். "காலையில வந்தது தங்கச்சி, ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும்."