மிட்-பவர் ராக்கெட்: கருமருந்தா, கலவையா, ரீலோடா?

பொழுதுபோக்காக ஏ, பி, சி மோட்டார்களில் சின்ன ராக்கெட்டுகள் விட்டுப் பழகியவர்களுக்கு அடுத்த படி இ, எஃப், ஜி. இதுதான் மிட்-பவர். எழுத்து ஒன்று ஏறினால் கணத்தாக்கின் (மோட்டார் தரும் மொத்த உந்தலின்) உச்சவரம்பு இரட்டிக்கும்: இ 40 நியூட்டன்-விநாடி, எஃப் 80, ஜி 160. அதற்கு மேல் அமெரிக்காவில் சான்றிதழ் வாங்க வேண்டும்.

முதலில் கிட், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் ராக்கெட் பாகங்களின் பெட்டி. எஸ்டெஸ் கம்பெனியின் லெவயத்தனுக்கு 3 அங்குல அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைத் துடுப்புகள். ஏரோடெக் கம்பெனியின் இனிஷியேட்டருக்கு வார்த்த பிளாஸ்டிக் துடுப்புகள். இதில் பாராசூட்டைத் தள்ளும் சூடான வாயுவை உள்ளே ஓர் உலோக வலை குளிர்வித்துவிடும், தீ பிடிக்காத காகிதம் திணிக்கத் தேவையில்லை. எனக்கு லெவயத்தன்தான். ஒட்டுப்பலகை பிய்ந்தால் மரப்பசை போட்டு ஒட்டி அடுத்த வாரமே விடலாம். இரண்டிலும் 29 மி.மீ. மோட்டார் போகும் என்பதால் கிட் பற்றி இதற்கு மேல் மல்லுக்கட்டத் தேவையில்லை. சண்டையெல்லாம் மோட்டாரில்தான்.

கருமருந்து என்றால் பட்டாசில் இருக்கும் அதே வெடியுப்பு, கந்தகம், கரி. எஸ்டெஸின் எஃப்15 இந்த வகை. இக்னைட்டரை (மின்சாரத்தில் பற்றவைக்கும் கம்பியை) மோட்டாரின் வாய்க்குள் செருகினால் போதும், சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆனால் பலம் குறைவு: 60 கிராம் மருந்துக்கு ஏறக்குறைய 50 நியூட்டன்-விநாடிதான். ஏரோடெக்கின் எஃப்50 கலவை மோட்டார். அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிசினில் பிணைத்தது. சுமார் 38 கிராமில் 75 நியூட்டன்-விநாடிக்கு மேல் தருகிறது.

இது ஏன் முக்கியம்? ஏவுகம்பியைவிட்டு ராக்கெட் வேகமாகக் கிளம்பினால்தான் துடுப்புகள் அதை நேராகப் பிடிக்கும். அதற்கு உந்துவிசை எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எஃப்15-இன் சராசரி 15 நியூட்டன்; ஐந்தால் வகுத்தால் 3 நியூட்டன், அதாவது சுமார் 300 கிராம் ராக்கெட்டுக்குத்தான் சரி. தொடக்கத்தில் ஓர் உதை கூடுதலாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் எடை தாங்கும், அதுவும் காற்றில்லாத நாளில். எஃப்50-க்கு அதே கணக்கு ஒரு கிலோவைத் தொடுகிறது. எபாக்ஸி பசையைத் தாராளமாகப் பூசி, நாலு கோட் பெயின்டும் அடித்திருந்தால் கருமருந்தை மறந்துவிடுங்கள்.

பெரிய கருமருந்து மோட்டாருக்கு இன்னொரு பலவீனம். வெயிலில் காருக்குள் சுட்டு, இரவில் குளிர்ந்து, மறுபடி சுட்டால் மருந்துக் கட்டி கூட்டின் சுவரைவிட்டு விலகலாம், விரிசலும் விடலாம். பற்றவைத்ததும் அந்த இடுக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிய, அழுத்தம் ஏறிக் கூடு வெடிக்கும். வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

கலவைக்கும் சிணுங்கல் உண்டு. இக்னைட்டர் மருந்தின் உச்சிவரை போய் முட்ட வேண்டும். பாதியில் நின்றால் புகைந்துவிட்டுச் சும்மா இருக்கும். விலையும் கூடுதல். பெரிய மோட்டார்களைத் தபாலில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனியாக ஏறும்.

சரி, ரீலோடு? 29/40-120 என்ற அலுமினியக் கூட்டை ஒருமுறை வாங்கினால் ஒவ்வொரு தடவையும் மருந்து, ஓ-ரிங் (வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), பாராசூட்டைத் தாமதித்து விடும் தாமதத் துண்டு மட்டும் மாற்றலாம். கொஞ்சம் வேகம் போதுமென்றால் எஃப்40, வெடுக்கென்று கிளம்ப எஃப்52, உயரம் வேண்டுமென்றால் ஜி64. ஒரே கூட்டில் இத்தனை ருசி. 18 வயது ஆகியிருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும், பேச்சுத்துணை இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனை என்னுடையது. அரட்டை அடித்துக்கொண்டே பூட்டியதில் ஒருமுறை பாராசூட்டை வெளியே தள்ளும் வெளியேற்ற மருந்தை மூடிக்குள் கொட்ட மறந்தேன். ராக்கெட் அழகாக ஏறியது, பாராசூட் வரவேயில்லை, மூக்கு மண்ணுக்குள். மரப்பசையால் ஒட்ட முடியாத சேதம்.

ஆண்டுக்கு நாலைந்து தடவைதான் விடுவீர்கள் என்றால் ஒருமுறைப் பயன்பாட்டு எஃப்50 போதும். கூட்டுக்குப் போட்ட காசு அதற்குள் திரும்பாது. மாதாமாதம் போகிறவர் ரீலோடுக்கு மாறலாம். முதல் பறப்புக்கு எஃப்50-4 அல்லது எஃப்50-6 எடுங்கள். கோட்டுக்குப் பின்னுள்ள எண், மருந்து தீர்ந்தபின் பாராசூட் வெளிவர எடுக்கும் விநாடிகள். கனமான ராக்கெட்டுக்கு எஃப்50-9 வாங்கினால் ராக்கெட் தலைகுப்புற இறங்கத் தொடங்கியபிறகுதான் பாராசூட் திறக்கும்; அந்த வேகத்தில் பாராசூட்டின் கயிறு அட்டைக் குழாயை மேலிருந்து கிழித்துவிடும்.