பாதி டேங்க் என்று பொய் சொன்ன முள்: பஸ்ஸை வீடாக மாற்றியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பயணிகள் பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் சமையல் மேடையும் அமைத்து, நானும் மனைவியும் அதிலேயே பயணம் செய்கிறோம். அதன் டீசல் மீட்டரைச் சரிசெய்வதாகச் சொல்லி ஒரு பட்டறை எங்களிடம் இரண்டு முறை பணம் வாங்கியது. முதல் முறை நடந்தது அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை நடந்தது பச்சை மோசடி.

ஆரம்பக் கோளாறு சிறியது. டேங்கில் கால்வாசி இருக்கும்போதே முள் பாதிக்கு மேல் நிற்கும். இரவில் விளக்குகளைப் போட்டால் இன்னும் சற்று ஏறும். விளக்கு எரிவதால் டேங்கில் டீசல் கூடுமா? அந்த ஒரு அறிகுறியே போதும், எர்த் வயரைத்தான், அதாவது மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகத் திரும்பிப் போக உதவும் இணைப்பைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் இதைத் தெளிவாகச் சொன்னேன். அவர் பஸ்ஸின் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மீட்டர் போய்விட்டது" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார்.

அதன்பின் டேங்கை நிரப்பினால் முள் காலிக்கு இறங்கியது. ஓட ஓட மேலே ஏறியது. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. டேங்குக்குள் மிதவையோடு இணைந்த யூனிட், டீசலின் மட்டத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றுகிறது. மீட்டர் அந்தத் தடையைத்தான் அளவாகக் காட்டுகிறது. எல்லா யூனிட்டும் ஒரே கணக்கில் இயங்குவதில்லை. மின்தடையை ஓம் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு வகையில் காலி டேங்குக்கு 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். இன்னொரு வகையில் காலிக்கு 240, நிறைந்தால் 33. எங்கள் டேங்கில் இருப்பது முதல் வகை. அவர் மாட்டியது இரண்டாம் வகைக்கான மீட்டர். பஸ்ஸின் 24 வோல்ட்டுக்குப் பொருந்துகிறதா என்பதோடு, யூனிட்டின் ஓம் கணக்குக்கும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மீட்டர் வாங்க வேண்டும்.

திரும்பிப் போனோம். "டேங்க் யூனிட் தலைகீழாக வேலை செய்கிறது, மாற்றியாக வேண்டும்" என்றார். ஒரு நாள் பஸ்ஸை வைத்துக்கொண்டார். புதிய யூனிட், கழற்றி மாட்டிய கூலி எல்லாம் பில்லில் ஏறின. பஸ்ஸை எடுக்கும்போது டேங்கில் பாதி டீசல் இருந்தது. முள்ளும் பாதியில் ஆடாமல் அசையாமல் நின்றது. அந்த நிதானத்தைப் பார்த்து மனைவி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் மாலை ஜெனரேட்டர் நின்றுபோனது. பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஃபில்டர் அடைத்திருக்கும், திரும்பும்போது கொண்டுவாருங்கள் என்றார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. எங்கள் ஜெனரேட்டர் பஸ்ஸின் டேங்கிலிருந்தே டீசல் எடுக்கிறது. அதன் குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைத்திருக்கிறோம். எஞ்சினுக்கு வேண்டிய கடைசிக் கால்வாசியை ஜெனரேட்டர் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. அது நின்றதே டேங்க் கொடுத்த எச்சரிக்கை. இது தெரிந்திருந்தும் புது யூனிட் என்ற நம்பிக்கையில் முள்ளையே நம்பினேன்.

இரவு, மேட்டுச் சாலையில் ஏறும்போது எஞ்சின் அணைந்தது. பவர் ஸ்டியரிங் செத்துவிட்டதால் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. எப்படியோ ஓரத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. டீசல் எஞ்சின் வறண்டு நின்றால் கேனில் டீசல் ஊற்றியவுடன் கிளம்பிவிடாது. குழாய்களில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, குமிழி அடங்கும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். மனைவி டார்ச்சைப் பிடிக்க, விடாமல் அடித்தேன். கிளம்ப நள்ளிரவு ஆனது.

காலையில் கட்டிலைத் தூக்கினேன். டேங்க் யூனிட்டுக்கான மூடி அதற்கு அடியில், பஸ்ஸின் தரையில் இருக்கிறது. மூடியைச் சுற்றி நான் என் கையால் பூசிய சிலிகான் ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. பில்லில் இருந்த யூனிட் அந்த வழியாக உள்ளே போகவே இல்லை! டேங்கைக் கீழே இறக்கியிருப்பார்களோ என்று அடியில் போய்ப் பார்த்தேன். பட்டைகளின் திருகுகளில் பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. டேஷ்போர்டைக் கழற்றியபோது எல்லாம் வெளிச்சமானது. டேங்கிலிருந்து வரும் வயரைப் பிடுங்கி டேப் சுற்றிவிட்டு, மீட்டரின் பின்னால் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, அதாவது எப்போதும் ஒரே தடையைக் கொடுக்கும் சிறு பாகத்தை, சேர்த்திருந்தார்கள். அந்த வகை மீட்டருக்கு 100 ஓம் என்றால் ஏறக்குறைய பாதி டேங்க். டீசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதி.

உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் பிடித்தது. சாவியை அணைத்து, யூனிட்டின் வயரைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் இடையே, தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன்: 15 ஓம். யூனிட்டில் குறையே இல்லை. அதே முனைக்கும் பஸ்ஸின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் இடையே வைத்தால் 75, எர்த் வயரை அசைத்தால் இன்னும் அதிகம். அந்தக் கூடுதல் தடை எர்த் இணைப்பில்தான் இருந்தது. எங்கள் டேங்க் ரப்பர் பட்டைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த ஒற்றை எர்த் வயரே யூனிட்டுக்குத் துணை. பஸ்ஸை மாற்றிக் கட்டியபோது சேசிஸுக்குப் பெயின்ட் அடித்து, அதன்மேலேயே எர்த் முனையை முடுக்கியிருக்கிறார்கள். பின் விளக்குகளின் எர்த்தும் அங்கேதான்; அதனால்தான் விளக்கைப் போட்டால் முள் ஏறியது. பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் முடுக்கினேன்.

நீங்கள் பட்டறைக்குப் போனால், எந்தப் பொருளையும் மாற்றும் முன் உங்கள் கண்ணெதிரே இந்த அளவை எடுக்கச் சொல்லுங்கள். மூடியின் திருகுகளில் அடையாளமிட்டுப் படம் எடுத்துவையுங்கள். கழற்றிய பொருளைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் வண்டியானால் டேங்க் வாயருகே வயரை உரசிச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். ஒரு பொறி போதும்.

படங்களைக் காட்டியபின் இரண்டாம் பில்லின் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். எந்தப் பழுதும் இல்லாத என் பழைய மீட்டரைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். அதே கணக்குக்குப் பொருந்தும் மீட்டர் கிடைக்கும்வரை, கேன் கேனாக ஊற்றிக் கோடு போட்ட மரக்கோலை டேங்கில் விட்டுப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறோம்.