கடலடிச் சேற்றில் யார் வீட்டுக் கரிமம்? மூன்று சோதனைகள்

பிச்சாவரம் கழிமுகத்தில் ஒரு பிடி சேறு அள்ளினால் அதில் மக்கிய சுரபுன்னை இலை இருக்கும், ஆறு அடித்து வந்த மண் இருக்கும், கடலின் நுண்பாசியும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு. அதில் உள்ள கரிமம் (கார்பன்) எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க மூன்று வழிகள் உண்டு.

மலிவான வழி கார்பன்-நைட்ரஜன் விகிதம். புரதம் மிகுந்த நுண்பாசியில் அது 6, 7 என்று நிற்கும். மரமும் இலையும் 20-ஐத் தாண்டும். சிக்கல் என்னவென்றால், மக்கும் இலையில் பாக்டீரியா குடியேறி நைட்ரஜனைக் கூட்டிவிடும். களிமண் வேறு அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலத்து இலை மெல்ல நுண்பாசி வேடம் கட்டிவிடும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது வழி கார்பன்-13, அதாவது கார்பனின் சற்றுக் கனமான வகை (ஐசோடோப்). அதன் அளவு அப்படி எளிதில் மாறாது. ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு இத்தனை குறைவு என்ற கணக்கில் அலையாத்தி (சுரபுன்னை) இலை மைனஸ் 28-ஐ ஒட்டி வரும், வெப்பக்கடல் நுண்பாசி மைனஸ் 20-ஐ ஒட்டி, கடற்புல் மைனஸ் 11-ஐ ஒட்டி. (முதலில் அமிலம் விட்டுச் சிப்பித் தூளைக் கரைக்க வேண்டும். சிப்பியின் எண் பூஜ்யத்துக்குப் பக்கம். கொஞ்சம் தங்கினாலும் கணக்கு கெடும்.) இதன் ஓட்டை கூட்டல் கணக்கில் இருக்கிறது. அலையாத்தி பாதி, கடற்புல் பாதி கலந்தால் சராசரி மைனஸ் 19.5. சேற்றில் நுண்பாசியே இல்லாவிட்டாலும் முடிவு 'நுண்பாசி' என்றுதான் படிக்கும்! கடற்புல் படுகைகள் நிறைந்த பாக் விரிகுடாவில் இது சும்மா பயம் இல்லை.

மெக்சிகோ வளைகுடாவில் இப்படித்தான் ஏமாற வேண்டியிருந்தது. ஆழப் பகுதி வண்டலின் எண் கடலுக்கு உரியதுபோலவே இருந்தது. மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் புல்வெளி மண்ணும் அதில் கலந்திருக்கிறது என்று 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. மக்காச்சோள வகைப் புற்களின் எண் மைனஸ் 12 முதல் 14. அதுவே கணக்கைக் கடல் பக்கம் இழுத்திருந்தது. காட்டிக்கொடுத்தது, செடிக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள்.

லிக்னின்தான் மூன்றாவது வழி. நுண்பாசியிடம் அது கிடையாது. இருந்தால் பெரும்பாலும் நிலத்துச் செடிதான். தாமிர ஆக்சைடு சேர்த்துச் சூட்டில் உடைத்தால் வரும் ஃபீனால் என்ற வேதித் துண்டுகளின் விகிதம் மரக்கட்டையா இலையா என்றுகூடச் சொல்லும். ஆனால் வேலை அதிகம், செலவும் அதிகம். கடல் பங்கைப் பற்றி அது வாயே திறக்காது.

30 மாதிரி கையில் இருந்தால் நான் எல்லாவற்றுக்கும் கார்பன்-13 பார்ப்பேன். முகத்துவாரத்திலிருந்து ஆழம்வரை ஐந்தாறை மட்டும் பொறுக்கி லிக்னினுக்கு அனுப்புவேன். படகு ஏறும் அன்றே அந்த ஊர் இலை, புல், பாசி மூன்றையும் தனித்தனிப் பையில் கட்டி வருவேன். மேலே சொன்ன எண்கள் பொதுவானவை, இடத்துக்கு இடம் மாறும்.