ரோல்-டாப் மேசையா, ப்யூரோவா?

பழைய எழுதுமேசை ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவர நினைக்கிறவர்கள் பலரும் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுவார்கள்.

ரோல்-டாப் அலுவலகத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் ஆப்னர் கட்லர் 1882-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய மரச்சட்டங்களைத் துணியில் வரிசையாக ஒட்டி மூடியாக்கி, பக்கவாட்டுக் காடியில் (நீளப் பள்ளத்தில்) ஓடவிட்டிருப்பார்கள். பாதி எழுதிய காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு மூடியை இழுத்துவிடலாம். சோம்பேறிகளுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது வரம். ஆனால் ஆள் பெரியவர், சின்ன அறையை அடைத்துக்கொள்வார். வாங்கும் முன் மூடியை நாலு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நடுவில் சிக்கினால் உள்ளே துணி இற்றுப் போயிருக்கலாம்.

ப்யூரோ 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் பார்க்கக்கூடிய பொருள். சாய்ந்த பலகையை மூடினால் இழுப்பறை அலமாரி, இறக்கினால் மேசை. சுவரோரம் அடக்கமாக நிற்கும். மேலே ஒரு விளக்கு வைத்தால் அந்த மூலையே மாறிவிடும். பலகையை இறக்கும் முன் இரண்டு பக்கத் தாங்குகட்டைகளையும் வெளியே இழுக்க வேண்டும்; மறந்தால் கீல் பிய்ந்துவிடும். பழைய ப்யூரோக்களில் கீலைச் சுற்றி ஒட்டுப்போட்ட மரம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். லேப்டாப் வைக்கலாம், சரி, ஆனால் கீழே முழுக்க இழுப்பறை, காலை எங்கே நீட்டுவது?

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை என்றால் ரோல்-டாப். கூடத்து அழகுக்கு என் ஓட்டு ப்யூரோவுக்கே. அப்புறம், எதை வாங்கினாலும் பழைய பாலிஷைச் சுரண்டிவிடாதீர்கள்.