பத்தாவது டியூஷன், கிருஷ்ணகிரி: மூணு ஸ்டார்

ராயக்கோட்டை ரோடு பக்கம். மாசம் 900 ரூபா. கணக்குக்கு அஞ்சு ஸ்டாரே கொடுக்கலாம், என் பையன் இப்பத்தான் வடிவியல்ல பயமில்லாம உட்கார்றான். கரண்ட் போனா ஃபேன் கிடையாது, அது வேற.

அறிவியல்லதான் குறை. மாநிலப் பாடத்திட்டத்துல 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்'னு ஒரு பாடம் இருக்கு. சார் வந்து, "குரங்கு மனுசனாச்சுன்னா மிச்சக் குரங்கு ஏன் அப்படியே இருக்கு? எல்லாம் கடவுள் படைச்சது. ரெண்டு மார்க் கேள்வியை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க"ன்னு முடிச்சுட்டாராம். பையன் நோட்டுல தேதி, கீழே ஒரு கோடு, அவ்வளவுதான்.

நானும் சனிக்கிழமையானா காட்டு வீர ஆஞ்சநேயரைக் கும்பிடுறவன்தான். ஆனா இப்ப இருக்கிற குரங்குல இருந்து நாம வந்தோம்னு பரிணாமக் கொள்கை சொல்லவே இல்லையே! ரெண்டு பேருக்கும் பொதுவான மூதாதைன்னுதான் சொல்லுது. அமெரிக்காவுல 1925-ல பரிணாமம் நடத்தின ஸ்கோப்ஸ்ங்கிற வாத்தியாருக்கு 100 டாலர் அபராதம் போட்டாங்க. 1987-ல, படைப்புக் கொள்கையையும் சேர்த்து நடத்தணும்னு லூசியானா மாநிலம் போட்ட சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே செல்லாதுன்னு தள்ளிருச்சு. இங்க 2023-ல, மத்தியப் பாடப்புத்தகம் போடுற என்சிஇஆர்டியோட பத்தாவது புத்தகத்துல இருந்து பரிணாமத்தையே எடுத்துட்டாங்க. நம்ம புத்தகத்துல இருக்கு, நடத்தத்தான் ஆள் இல்லை.

டியூஷன் ஆபீஸ்ல சொன்னேன். அடுத்த வாரம் வேற மிஸ் வந்தாங்க. எங்களுக்கு மாங்கன்று நர்சரின்னு தெரிஞ்சதும், "ஒட்டுக்குச்சியை எந்த மரத்துல வெட்டுவீங்க?"ன்னு பையனைக் கேட்டிருக்காங்க. "நல்லாக் காய்க்கிற தாய்மரத்துல"ன்னானாம். "நீங்க தேர்ந்தெடுக்கிறீங்க, காட்டுல யாரு தேர்ந்தெடுப்பாங்க?"ன்னு அங்கிருந்தே பரிணாமப் பாடத்தை ஆரம்பிச்சாங்களாம். சேர்க்கிறவங்க அந்த மிஸ் பேட்ச் கேட்டு வாங்குங்க, சாயங்காலம் 6 மணி.