ஹப் டைனமோ லைட்டு: பத்தமடை ரோட்டுல ஒரு வருசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுதேன்

மொதல்லயே சொல்லிருதேன், டெய்லி ராத்திரி சைக்கிள் ஓட்டுதவங்களுக்கு டைனமோ லைட்டு (சக்கரம் சுத்துததுலயே கரண்டு எடுத்து எரியுத லைட்டு) மாதிரி ஒன்னு கெடயாது. ஆனா எம்புட்டு காசு போட்டு வாங்குனாலும் ஒயரிங் ஒழுங்கா இல்லன்னா எரியாது பாத்துக்கிடுங்க. இந்த ஒரு வருசத்துல எனக்கு வந்த பிரச்சன அம்புட்டும் ஒயர்லதான், டைனமோலயும் லைட்லயும் இதுவரைக்கும் ஒன்னும் வரல.

எனக்கு மேலப்பாளையத்துல ஒரு மெடிக்கல்ல வேல. கடை அடைக்க பத்தரை ஆயிரும், அங்கேருந்து முன்னீர்பள்ளம், மேலச்செவல் வழியா பத்தமடை. ரெண்டு பக்கமும் வயலும் வாழையுமா கெடக்கும், ஊர் தாண்டிட்டா ரோட்டுல வெளிச்சமே இருக்காது, எதுக்க வார லாரிக்காரன் ஹை பீம் போட்டான்னா அவன் போன பொறவும் அஞ்சு செகண்டுக்கு கண்ணு கட்டிப்போயிரும், அதுக்குள்ள முன்னால லைட்டே இல்லாம வைக்கோல் ஏத்திட்டு ஒரு டிராக்டர் நிக்கும். மொதல்ல சார்ஜ் போடுத லைட்டுதான் வச்சிருந்தேன். நல்ல வெளிச்சம்தான், ஆனா வேல முடிஞ்சி வந்து படுத்தா சார்ஜ் போட மறந்துரும். ஒரு நாள் மேலச்செவல் தாண்டுனதும் பொசுக்குன்னு அணைஞ்சிட்டு, மீதி தூரம் போன் டார்ச்ச வாயில கவ்விட்டு வந்தேன். வீட்டுல பாத்துட்டு அழுதுட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணதுதான், சக்கரம் சுத்துனா எரியணும், அவ்வளவுதான்.

டயர்ல ஒரசுத பாட்டில் டைனமோதான் மொதல்ல போட்டேன். அப்பா சைக்கிள்ல இருந்தது அதேதான், 6 வோல்ட்டு 3 வாட்டு. அப்பல்லாம் முன் பல்பு 2.4 வாட், பின் பல்பு 0.6 வாட், ரெண்டும் சேந்தா 3. முன் பல்பு ஃபீஸ் போயிட்டுன்னா அந்த கரண்டு பூரா பின் பல்புல ஏறி அதுவும் போயிரும், அப்பா எப்பவும் சட்டப்பையில ரெண்டு பல்பு வச்சிருப்பாங்க, எனக்கு அதோட காரணம் இப்பதான் புரியுது. பாட்டில் டைனமோல எனக்கு கஷ்டம் ரெண்டு. ஐப்பசி மழைல டயர் நனைஞ்சா உருளை வழுக்கும், லைட்டு மங்கிரும். இன்னொன்னு, அந்த டைனமோவ சுத்த நாம குடுக்குத பலத்துல பாதிக்கு மேல கரண்டா மாறாம வீணாவே போயிருது. ஆடிச்சாரல் சமயத்துல செங்கோட்டை கணவாய் காத்து மேக்க இருந்து நேரா நெஞ்சுல அடிக்கும், நான் ராத்திரி போறது மேக்கதான், அதுல இதையும் சேத்து மிதிக்க காலு வரல.

அதான் ஹப் டைனமோக்கு மாறுனேன். சக்கரத்தோட நடு ஹப்புக்குள்ளயே காந்தமும் காயிலும் இருக்கும், எதுலயும் ஒரசாது, சத்தம் கெடயாது, மழைக்கும் கவலை இல்ல. இது புதுசும் இல்ல, இங்கிலாந்துல ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1936லயே போட்டுட்டாங்க, நம்ம பக்கம்தான் பாக்க முடியல. நான் வாங்குனது ஷிமானோ கம்பெனி ஹப்பு, நட்டு போட்டு முறுக்குத மாடல், ஜெர்மனில இருக்க சித்தப்பா மவன் லீவுக்கு வரும்போது லைட்டோட சேத்து கொண்டாந்தான்.

நம்ம பெரிய சைக்கிள்ல இத மாட்டலாமான்னு நெறைய பேரு கேக்காங்க. மாட்டலாம். நம்ம வண்டிக்கு முன் சக்கரத்துல 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துல 40, ஷிமானோ ஹப்பு 32 ஓட்டைலயும் வருது, அதனால பழைய ரிம்மே போதும். ஆனா ஹப்பு பெருசு, பழைய கம்பி நீளம் ஆயிரும், புதுசா அளந்து வாங்கணும். நான் போன மொத கடைல அளக்காமலே ஒரு கம்பிய குடுத்துட்டாங்க, ரிம்முல கம்பிய முறுக்குத நிப்பிளத் தாண்டி வெளிய வந்து டியூப குத்திட்டு. பொறவு எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சிகிட்ட போனேன். அவரு இந்த ஹப்ப அதுக்கு முன்ன பாத்ததில்ல, கையில வாங்கி அச்ச ரெண்டு விரல்ல புடிச்சி சுத்திப் பாத்தாரு, காந்தம் இழுக்கதால விட்டு விட்டு கடக் கடக்குன்னு நின்னு சுத்துச்சு. "தம்பி, இது பேரிங் கோளாறு இல்லல்லா?" ன்னு கேட்டாரு. இல்ல அண்ணாச்சி, காந்தம்தான், ஓடும்போது தெரியாதுன்னேன். அதுக்கப்புறம் ஒரு சாயங்காலம் பூரா உக்காந்து கம்பி பின்னி கோட்டம் எடுத்துக் குடுத்தாரு. அச்சு கொஞ்சம் தடிமன், முன் சக்கரத்த புடிச்சிருக்க ஃபோர்க்கோட ஸ்லாட்டுக்குள்ள நுழையல, அரம் வச்சி ராவினாரு, ஹப்புக்கு 100 மில்லிமீட்டர் இடம் வேணும், ஃபோர்க்கையும் லேசா விரிச்சாரு. நீங்களா கைய வச்சி விரிக்காதீங்க, ஒரு பக்கம் கோணிட்டா வண்டி இழுக்கும்.

லைட்டு புஷ் அண்ட் முல்லர் கம்பெனியோட சையோ பிரீமியம், 80 லக்ஸ் (ஒரு எடத்துல எம்புட்டு வெளிச்சம் விழுதுன்னு அளக்குத கணக்கு). ஜெர்மனில சைக்கிள் லைட்டு 10 மீட்டர் தூரத்துல கொறஞ்சது 10 லக்ஸ் இருக்கணும்னு ரூல், எதுக்க வாரவங்க கண்ணுல அடிக்கவும் கூடாது. அதனால கார் லைட்டு மாதிரி வெளிச்சத்தோட மேல்பக்கம் வெட்டுன மாதிரி நேர்கோடா நின்னுரும், மிச்சம் பூரா ரோட்டுல விழும். இதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. குழி, மணல், குறுக்க படுத்திருக்க நாய் எல்லாம் நல்லா முன்னாடியே தெரியுது. மாட்டுனதும் சாய்வு சரி பண்ணணும், சொவத்துல இருந்து 5 மீட்டர் தள்ளி வண்டிய நிறுத்தி, லைட்டு இருக்க ஒசரத்துல பாதில வெளிச்சத்தோட நடு விழுதான்னு பாருங்க, அப்பதான் ரோட்டுல 10 மீட்டர்ல விழும். வண்டிய நிறுத்துனாலும் உள்ள கரண்ட சேத்து வைக்குத கெப்பாசிட்டர்ல சின்ன வெளிச்சம் கொஞ்ச நேரம் நிக்கும்.

இனி ஒயரிங், இதத்தான் பொறுமையா படிக்கணும். டைனமோல இருந்து ரெண்டு ஒயர் முன் லைட்டுக்கு, முன் லைட்டுக்குப் பின்னால இருக்க ரெண்டு தகட்டுல இருந்து ரெண்டு ஒயர் பின் லைட்டுக்கு, அப்பதான் ஒரே சுவிட்சுல ரெண்டும் எரியும். பழைய டைனமோல ஒத்தை ஒயர்தான் இருக்கும், திரும்பி வாரதுக்கு ஃபிரேமே எர்த்து. டைனமோ கிளாம்புல ஒரு கூர் ஸ்குரு இருக்கும், அது பெயிண்ட கிழிச்சி இரும்புல முட்டணும், முட்டலன்னா லைட்டு மினுங்கும். நான் காசு மிச்சம்னு பின்னால அந்த பழைய தகர லைட்டையே விட்டுருந்தேன். எல்லாம் மாட்டி சக்கரத்த சுத்துனா எதுவுமே எரியல. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டேன். விசயம் என்னன்னா, ஷிமானோ ஹப்புல ரெண்டு முனைல ஒன்னு அச்சோட சேந்திருக்கு, அச்சு ஃபோர்க்கோட, ஃபோர்க்கு ஃபிரேமோட. பழைய லைட்டோட பாடியும் கேரியர் வழியா ஃபிரேம்தான். நான் ஹப்புல ஒயர மாத்தி சொருகிட்டதால கரண்டு லைட்டுக்கு போகாம ஃபிரேம் வழியாவே சுத்தி வந்துட்டு. அண்ணாச்சி ஒரே வார்த்தைல சொன்னாரு, "கரண்டு போக ஒரு வழி, வர ஒரு வழி வேணும்லா, ரெண்டையும் ஒன்னா கட்டிட்டியே தம்பி." ரெண்டு ஒயரையும் எடம் மாத்தி சொருகுனேன், எரிஞ்சிட்டு. பின்னால பிளாஸ்டிக் பாடி லைட்டு போடுதவங்களுக்கு இந்த தொல்லையே வராது.

அடுத்தது மழைக்காலத்துல வந்தது. நேரா போனா எரியும், இடது பக்கம் திருப்புனா அணைஞ்சிரும். வெளிய பாத்தா ஒயர் முழுசா இருக்கு. ஹேண்டில் கழுத்துகிட்ட வெரல்ல நீவிப் பாத்தேன், ஒரு எடத்துல மட்டும் நூடுல்ஸ் மாதிரி கொழகொழன்னு மடங்குது, மேல் உறை நல்லா இருக்க உள்ள செம்பு அத்துப்போயி பச்ச புடிச்சிருந்துச்சு. நான் அழகா இருக்கணும்னு ஒயர விறைப்பா இழுத்துக் கட்டிட்டேன், ஒவ்வொரு வளைவுலயும் அது இழுபட்டிருக்கு. இப்ப அந்த எடத்துல ஒரு சின்ன வளையம் விட்டுருக்கேன், ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாத்துட்டுதான் ஒயர் கட்டுத டேக் போட்டேன். ஜாயிண்டுல சும்மா முறுக்கி இன்சுலேஷன் டேப்பு ஒட்டாதீங்க, நம்ம வெயிலுக்கு பசை உருகி கழண்டுரும், ஈயம் வச்சி பத்த வச்சி, சூடுல சுருங்குத குழாய் போடுங்க.

கொறைன்னு பாத்தா, உருட்டிட்டு போகும்போதும் ரொம்ப மெதுவா மிதிக்கும்போதும் வெளிச்சம் மினுக்கும். பஞ்சர்னா சக்கரத்த கழத்துததுக்கு முன்ன ஹப்புல சொருகியிருக்க ஒயர் பிளக்க உருவணும், பஞ்சர் ஒட்டுத பையன்கிட்ட நானே நின்னு சொல்லிருதேன். விலையும் ஜாஸ்தி, மறைக்கல, டைனமோ லைட்டு ரெண்டும் சேந்து நம்ம புது சைக்கிள் விலைக்கு மேல போயிரும்.

அவ்வளவு முடியாதுன்னா, எங்க அக்கா மவளுக்கு பண்ணத சொல்லுதேன். ஸ்கூல்ல குடுத்த சைக்கிள், டியூஷன் முடிஞ்சி ஏழரைக்கு வருவா. பாட்டில் டைனமோ, 3 வாட் எல்இடி ஒன்னு, நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், எல்லாம் ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிட்டு. டைனமோ குடுக்கது ஏசி, டயோடு அத டிசியா மாத்தும், டைனமோ எம்புட்டு வேகமா சுத்துனாலும் அரை ஆம்பியருக்கு மேல பெருசா குடுக்காது, அதனால எல்இடிக்கு வேற சர்க்யூட் வேண்டாம். மாட்டும்போது டைனமோவோட நடு அச்சுக்கு நேரா ஒரு நூல் புடிங்க, அது சக்கரத்தோட அச்சுல போயி முட்டணும், கோணலா இருந்தா டயர தின்னுரும். நல்லாத்தான் எரியுது, ஆனா நேத்து வந்து, "மாமா, பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்னா பின் லைட்டும் சேந்து அணைஞ்சிருதே" ன்னு சொன்னா. நின்னாலும் கொஞ்ச நேரம் எரியுததுக்கு 5.5 வோல்ட்டு சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்னு வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கெழமை அவ பின் லைட்டுக்குள்ள வச்சி பத்தணும்.